ஒரே பிற்பகலில் மெஸ்கால் மேதை ஆவது எப்படி?

ஒயினைப் பற்றிப் பேசி ஊரைக் கவர்ந்த காலம் மலையேறிவிட்டது. சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றி இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளரே அரை மணி நேரம் பேசுகிறார். நாலு பேர் கூடிய இடத்தில் நம் குரல் மட்டும் ஓங்க வேண்டுமென்றால், மற்றவர்கள் இன்னும் கால் வைக்காத துறை ஒன்று வேண்டும். அது மெக்சிகோவில் இருக்கிறது. பெயர் மெஸ்கால். அகாவே என்ற செடியின் அடித்தண்டைச் சுட்டு, நசுக்கி, ஊறப்போட்டு, வடித்தெடுக்கும் சாராயம்.

செடியைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. நம் ஊரில் வேலியோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் முள் நுனியோடு நிற்கும் ஆனைக்கற்றாழை அகாவே இனம்தான். முகத்தில் பூசிக்கொள்ளும் சோற்றுக் கற்றாழை வேறு குடும்பம். இந்த வேறுபாடு தெரிந்தாலே பயணக் குழுவில் பாதிப் பேரை நீங்கள் முந்திவிட்டீர்கள்.

இந்த வழிகாட்டி, மெஸ்கால் எப்படி உருவாகிறது என்று கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அல்ல. கற்றுக்கொண்டவராகத் திரும்பி வர நினைப்பவர்களுக்கு. முதல் வகையினருக்கு எட்டு ஆண்டுகூட ஆகலாம். இரண்டாம் வகையினருக்கு ஒரு பிற்பகல் தாராளம்.

1. ஊரைத் தேர்ந்தெடுங்கள்

அகாவே பூமி என்றதும் எல்லாரும் கை காட்டுவது மேற்கே ஹலிஸ்கோ மாநிலத்தை. குவாதலஹாரா நகரிலிருந்து வடமேற்கே 60 கிலோமீட்டர் சொச்சத்தில் டெக்கீலா என்ற பெயரில் ஊரே இருக்கிறது. எரிமலைச் சரிவில் வரிசை வரிசையாக நீலம் பாரித்த அகாவே. 2006-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குவெர்வோ குடும்பத்துக்கு ஸ்பெயின் அரசு 1758-இல் நிலம் கொடுத்தது, 1795-இல் காய்ச்சி விற்க உரிமம் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் பெயரில் இன்று சுற்றுலா ரயிலே ஓடுகிறது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் டெக்கீலாவைத்தான் எல்லாருக்கும் தெரியுமே! எல்லாருக்கும் தெரிந்த ஒன்றில் மேதையாவதற்கு உழைக்க வேண்டியிருக்கும்.

எனவே டெக்கீலாவை மட்டம் தட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று தகவல் போதும். டெக்கீலாவும் ஒருவகை மெஸ்கால்தான். சட்டப்படி அதை வெபர் நீல அகாவே என்ற ஒரே இனத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். குப்பியில் ‘100 சதவீதம் அகாவே’ என்று போடாவிட்டால், புளிக்கும் சர்க்கரையில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். திருமண வரவேற்பில் டெக்கீலாக் கோப்பையோடு நிற்பவரிடம் மூன்றாவது தகவலைச் சொல்லுங்கள். அவர் குப்பியைத் திருப்பி லேபிளைத் தேடும் நேரத்தில் உங்களுக்குப் பாதிப் பட்டம் வந்துவிடும்.

நீங்கள் போக வேண்டியது தெற்கே வஹாகா மாநிலம். சான்றிதழ் பெற்ற மெஸ்காலில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது. வஹாகா நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் சாந்தியாகோ மத்தத்லான், தன்னை உலக மெஸ்கால் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது. நம் நோக்கத்துக்கு இப்படிப்பட்ட தன்னடக்கமுள்ள ஊர்தான் தோது.

2. வேனில் போங்கள்

வஹாகா நகரின் எந்தத் தெருமுனையிலும் ஒருநாள் சுற்றுலா விற்பார்கள். உலகிலேயே மிகப் பருத்த அடிமரம் என்று பெயர் பெற்ற தூலே மரம், தெயோத்தித்லானில் கம்பளம் நெய்யும் வீடு, மித்லா சிதைவுகள், கல்லாய் உறைந்த அருவி போலிருக்கும் ஹியெர்வே எல் ஆகுவா, நடுவில் சாப்பாடு, கடைசியில் மெஸ்கால். இத்தனைக்கும் ஒரே பகல். மெஸ்காலுக்கு எஞ்சுவது முக்கால் மணி நேரம். கவலை வேண்டாம், அது போதும்.

இதற்கு மாற்று ஒன்றும் உண்டு. நகரின் பேஸ்பால் மைதானத்தருகே நெடுஞ்சாலை 190-இல் நின்றால் தலக்கோலூலா, மித்லா, மத்தத்லான் பக்கம் போகும் பஸ்ஸும் ஷேர் டாக்சியும் வரும். இதைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் அகாவே பயிரிடுபவராக இருந்துவிடும் ஆபத்து உண்டு. அவர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கன்று நடும்போது ஒரு விலை, ஏழெட்டு ஆண்டு கழித்து வெட்டும்போது வேறு விலை. ஹலிஸ்கோவில் 2020-ஐ ஒட்டி கிலோ 30 பெசோ வரை போன நீல அகாவே, 2024-இல் 10 பெசோவுக்கும் கீழே விழுந்தது. உச்ச விலையைப் பார்த்து நட்டவர்களின் பயிர் முற்றும்போது சந்தையில் கேட்பாரில்லை. இப்படிப்பட்ட பேச்சு உற்சாகத்தைக் கெடுக்கும். கோப்பையைக் கையில் எடுக்கும்போது நினைவுக்கு வந்து தொலைக்கும்.

3. தோட்டத்தில் படம் எடுங்கள்

வேன் நிற்கும் இடத்தில் எஸ்பதீன் இனம் நட்டிருக்கும். வாள் வாளாய் விரிந்த இலைகள், தொலைவில் மலை, நடுவே நீங்கள், தலையில் வைக்கோல் தொப்பி. படம் எடுத்ததும் கிளம்பிவிடுங்கள். அங்கேயே நின்றுகொண்டிருந்தால் செடியின் வயதைக் கேட்கத் தோன்றும்.

எஸ்பதீன் முற்ற ஆறு முதல் எட்டு ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். தொபலா இனத்துக்குப் பத்துப் பதினைந்து. மலைப் பாறைகளில் தொற்றி வளரும் தெபெஸ்தாத்தே 25 ஆண்டு வரை எடுத்துக்கொள்ளும். அகாவே வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும். நடுவிலிருந்து பல மீட்டர் உயரத்துக்கு ஒரு தண்டு கிளம்பும். அத்தனை ஆண்டு சேர்த்து வைத்த சர்க்கரை முழுவதையும் அந்தப் பூவில் செலவழித்துவிட்டுச் செடி செத்துப்போகும். மெஸ்காலுக்கு அந்தச் சர்க்கரைதான் வேண்டும். ஆகவே தண்டு கிளம்பும்போதே வெட்டிவிடுவார்கள். சர்க்கரை அடித்தண்டிலேயே தங்கும்.

பூ இல்லையென்றால் விதை இல்லை. இரவில் அந்தப் பூவைத் தேடி வரும் நீள்மூக்கு வௌவாலுக்கு உணவும் இல்லை. தாய்ச்செடியின் பக்கக்கன்றுகளைப் பிடுங்கி நட்டால் பயிர் பெருகும், ஆனால் எல்லாம் ஒரே அச்சு. ஹலிஸ்கோவில் 1990-களின் பிற்பகுதியில் நோய் பரவியபோது ஒரே அச்சில் வார்த்த நீல அகாவே வயல்கள் பெரும் சேதம் கண்டன. இதற்கு மருந்தாக, வயலில் 5 சதவீதச் செடிகளைப் பூக்கவிடும் விவசாயிகளுக்கு ‘வௌவாலுக்கு நண்பன்’ என்ற முத்திரை தரும் திட்டத்தை ரோட்ரிகோ மெதெயின் என்ற மெக்சிக உயிரியலாளர் முன்னின்று நடத்துகிறார். விருந்தில் வௌவால் பேச்சு எடுபடாது. அது உங்களுக்கு வேண்டாம்.

4. குழிக்குள் எட்டிப் பாருங்கள்

காய்ச்சும் இடத்துக்கு இங்கே பலேங்கே என்று பெயர். தகரக் கூரை, மண் தரை, திறந்த பக்கங்கள். முதலில் கண்ணில் படுவது தரையில் தோண்டிய புனல் வடிவக் குழி அடுப்பு. பெரும்பாலும் நீங்கள் போகும் நாளில் அது ஆறிக் கிடக்கும். ஏமாற வேண்டாம். ஆறிய அடுப்பே படத்துக்கு நல்லது, கண் எரியாது.

எரியும் நாளில் நடப்பது இது. குழியில் விறகை அடுக்கி மூட்டி, மேலே கற்களைக் குவித்து, கற்கள் கனலாகும் வரை மணிக்கணக்கில் விடுவார்கள். பிறகு பழைய சக்கையை ஈரமாய்ப் பரப்புவார்கள், தண்டு கருகாமலிருக்க. இலை சீவிய அடித்தண்டு அன்னாசிப் பழத்தின் பெரிய அண்ணனாட்டம் இருக்கும். ஒவ்வொன்றும் 40, 50 கிலோ தேறும். அவற்றைப் பிளந்து, டன் கணக்கில் குவித்து, பாயும் மண்ணும் போட்டு மூடுவார்கள். உச்சியில் ஒரு சிறு சிலுவை நடுவதும் உண்டு. மூன்று முதல் ஐந்து நாள் அது மண்ணுக்கடியில் வேகும். பச்சைத் தண்டில் இருப்பது நேரடியாகப் புளிக்காத ஒருவகை மாவுப்பொருள். நீண்ட சூட்டில்தான் அது உடைந்து சர்க்கரையாகும்.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே சொல்: “புகை!” மூக்கைச் சற்று மேலே தூக்கி, கண்ணை மூடிச் சொல்லுங்கள். இந்த மண் அடுப்புதான் மெஸ்காலுக்குப் புகைமணம் தருகிறது என்பது உண்மை. புகையைத் தவிர வேறு எதுவும் தெரியாவிட்டால் மெஸ்கால் சரியாக அமையவில்லை என்று காய்ச்சுபவர்கள் நினைப்பதும் உண்மை. இரண்டாவது உண்மை உங்களுக்கு எதற்கு?

5. குதிரையை விடாதீர்கள்

வெந்த தண்டை நசுக்க, வட்டக் களத்தில் பெரிய கல் சக்கரம். குதிரையோ கோவேறு கழுதையோ அதை இழுத்துச் சுற்றும். நம் ஊர்ச் செக்கைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதன் பெயர் தஹோனா. விருந்தில் இந்தச் சொல்லை முதல் பத்து நிமிடத்துக்குள் உபயோகித்துவிடுங்கள்.

மெக்சிகோவின் மெஸ்கால் தரநிலை 2016-இல் திருத்தி எழுதப்பட்டபோது மூன்று படிகள் வகுத்தார்கள். லேபிளில் வெறும் ‘மெஸ்கால்’ என்றிருந்தால் நீராவி அழுத்தக் கலனில் வேகவைத்து, இயந்திரத்தில் பிழிந்து, தூண் வடிவ வாலையில், அதாவது வடிகலத்தில், வடித்திருக்கலாம். ‘ஆர்த்தெசனால்’ என்றால் குழி அடுப்பு அல்லது கட்டிய அடுப்பு. நசுக்கத் தஹோனா, சம்மட்டி, அரவை இயந்திரம் எதுவும் இருக்கலாம். நேரடி நெருப்பில் செம்பு வாலையிலோ மண்பானையிலோ வடிக்க வேண்டும். ‘ஆன்செஸ்த்ரால்’ என்றால் குழி அடுப்பும் மண்பானையும் கட்டாயம். துருப்பிடிக்காத எஃகு எந்தக் கட்டத்திலும் கூடாது. சில இடங்களில் குதிரைகூடக் கிடையாது. மரத்தொட்டியில் தண்டைப் போட்டு ஆட்களே சம்மட்டியால் இடிப்பார்கள். சம்மட்டியை உங்களிடமும் நீட்டுவார்கள். படத்துக்கு ஒரு தடவை ஓங்குங்கள். இரண்டாவது தடவை ஓங்கினால் தோள்பட்டையோடு சேர்ந்து கருத்தும் மாறிவிடலாம்.

6. ஊறலைக் கடந்து செல்லுங்கள்

நசுக்கியது நாரோடு மரத்தொட்டிக்குப் போகும், தண்ணீர் ஊற்றுவார்கள். ஊறல் என்றால் காவல்துறை வாய்க்காலில் கொட்டிக் கவிழ்க்கும் செய்திப் படம்தான் நமக்குப் பழக்கம். இங்கே அதே சரக்கு, வாய் திறந்த தொட்டிகளில், அரசாங்கச் சம்மதத்தோடு, பகலிலேயே நுரைத்துக்கொண்டிருக்கும். பொட்டலத்தில் வாங்கிய ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பதே போதும். வெயில் காலத்தில் நாலைந்து நாளில் பக்குவப்படும், குளிரில் ஒரு வாரத்தைத் தாண்டும். பக்குவத்தைக் காய்ச்சுபவர் கையை விட்டுச் சூடு பார்ப்பார், நாவில் வைப்பார், காது கொடுத்துக் கேட்பார். கொதிப்பின் ஓசை ஓய்ந்தால் அடுத்த கட்டம்.

இது தொழிலின் கடினமான பகுதி. தேன்கூட்டைச் சுற்றுவது போல் ஈயும் தேனீயும் சுற்றும் பகுதியும் இதுதான். நுண்ணுயிரின் பெயர் எதையாவது சொல்லி வைத்தால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். “எல்லாம் இந்த மண்ணோட குணம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

7. வாலைக்கு முன் வாயைத் திறங்கள்

மத்தத்லான் பக்கம் செம்பு வாலை. வஹாகா நகருக்குத் தெற்கே சாந்தா கத்தரீனா மீனாஸ் போன்ற ஊர்களில் சிறு மண்பானை. விறகு நெருப்பு, சொட்டுச் சொட்டாய் வடிப்பு. முதல் வடிப்பில் நாரையும் சேர்த்தே போடுவது வழக்கம். அது வலுக்குறைந்த சரக்கு. அதைத் திரும்ப வடித்தால்தான் மெஸ்கால். தொடக்கத்தில் வருவது கடுமையான தலை, நடுவே உடல், கடைசியில் நீர்த்த வால். எந்த இடத்தில் வெட்டுவது, தலையையும் வாலையும் எவ்வளவு திரும்பக் கலந்து வலுவைச் சரிசெய்வது என்பதுதான் வித்தை. பழைய கையர்கள் வலுவைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றமாட்டார்கள்.

அளவுமானி இல்லாமலே வலுவைச் சொல்வதைக் கவனியுங்கள். ஒரு நாணல் குழாயில் வாயால் உறிஞ்சி, குடுக்கையில் பீச்சுவார். மேலே முத்து முத்தாய்க் குமிழ் கட்டும். குமிழ் கொஞ்ச நேரம் நின்றால் சரக்கு ஏறத்தாழ 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்கிறது. வலு அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் குமிழ் நிற்காது.

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. மற்றது, இணையத்தில் வாங்கிய ஆல்கஹால்மானியைப் பையிலிருந்து எடுத்து, தாத்தா காலத்திலிருந்து காய்ச்சும் அந்தப் பெரியவர் சொன்னது சரிதானா என்று எல்லார் முன்னிலையிலும் சோதிப்பது. மேதைக்கு அழகு இரண்டாவது. சரியாகவே இருக்கும். “பரவாயில்லையே” என்று தட்டிக்கொடுங்கள்.

8. சுவையை விவரியுங்கள்

முதலில் நீட்டுவது காப்பி, தேங்காய், மாம்பழ மணம் ஊட்டிய இனிப்புக் கிரீம்கள். வேனில் வந்தவர்களுக்காக இருப்பவை. மற்றவர்கள் சப்புக்கொட்டும்போது நீங்கள் மென்மையாகப் புன்னகைத்து மறுத்துவிடுங்கள். அந்தப் புன்னகையைப் பயணத்துக்கு முன்பே கண்ணாடி முன் பழகி வைக்கவும்.

அடுத்து வருவது நிஜம். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றுவார்கள். சில குவளைகளின் அடியில் சிலுவை அச்சு தெரியும். ஒரே மடக்கில் கவிழ்ப்பது இங்கே அநாகரிகம். முத்தம் கொடுப்பதுபோல உதட்டில் ஒற்றிக் குடிக்க வேண்டும். பக்கத்தில் ஆரஞ்சுத் துண்டும் சிவந்த உப்பும் வைப்பார்கள். அந்த உப்பில் மிளகாயோடு வறுத்து அரைத்த புழு இருக்கிறது. தின்று முடித்தபின் தெரிந்துகொள்வது உசிதம்.

குப்பிக்குள் கிடக்கும் புழுவைப் பற்றி யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். அது பழங்கால மரபல்ல, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளம்பிய விற்பனை உத்தி. டெக்கீலாவில் புழு கிடையவே கிடையாது. அது உண்மையில் ஒரு விட்டில்பூச்சியின் இளம்புழு. மூன்று வாக்கியமும் மனப்பாடம் ஆகட்டும். இந்த வழிகாட்டியிலேயே அதிகம் விலைபோகக்கூடிய சரக்கு இதுதான்.

பிறகு விவரணை. யாரும் சரிபார்க்க முடியாத மணங்களையே சொல்லுங்கள். “நேற்று அணைத்த சாம்பிராணி... பின்னால் வேப்பம்பூ... கடைசியில் மழை தொட்ட கருங்கல்.” காய்ச்சியவரிடம் கேட்டால் “இது அகாவே வாசனை” என்பார். பாவம், அவருக்குச் சொல்வளம் போதாது.

9. அரியதைக் கேளுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் ஒத்திகை. மேதை என்று நிலைநாட்டும் கட்டம் இது. காய்ச்சியவர் எஸ்பதீனை ஊற்றுவார். அவர் வயலில் எட்டு ஆண்டு வளர்த்தது. முகத்தில் லேசாக ஏமாற்றத்தைக் காட்டி, “காட்டு அகாவே ஏதும் இல்லையா?” என்று கேளுங்கள். தொபலா, தெபெஸ்தாத்தே, மத்ரெகுய்ஷே என்று பெயர்களை அடுக்குங்கள். பெயர் எவ்வளவு நீளமோ, செடி எவ்வளவு வயதானதோ, மலை எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவு மதிப்பு.

மலையிலிருந்து 20 ஆண்டுச் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்தால் அந்த இடத்தில் அடுத்த 20 ஆண்டுக்கு ஒன்றும் இருக்காது. தொபலா பக்கக்கன்று விடுவதில்லை, விதையிலிருந்துதான் முளைக்க வேண்டும். பூக்கும் முன்பே வெட்டினால் விதைக்கு எங்கே போவது? சான்றிதழ் பெற்ற மெஸ்கால் உற்பத்தி 2011-இல் சுமார் 10 லட்சம் லிட்டர், 2022-இல் சுமார் 1 கோடியே 40 லட்சம் லிட்டர். உங்களைப் போல “காட்டுச் சரக்கு இல்லையா” என்று கேட்பவர்கள் எத்தனை பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் இந்த எண் இப்படி ஏறும் என்று கணக்குப் போட வேண்டாம். விதையிலிருந்து தொபலாவை நாற்றுப் போட்டு மலையில் திரும்ப நடும் காய்ச்சுநர்களும் உண்டு. அவர்கள் நாற்றங்காலைக் காட்டக் கூப்பிடுவார்கள். “வேன் கிளம்பிடும்” என்று சொல்லித் தப்பியுங்கள். நாற்றங்காலில் குடிக்க ஒன்றும் கிடைக்காது.

அடுத்து பெச்சுகா கேளுங்கள். மூன்றாம் முறை வடிக்கும்போது வாலைக்குள் பழங்களும் மசாலாவும் போட்டு, பச்சைக் கோழி மார்பையோ வான்கோழி மார்பையோ தொங்கவிட்டுக் காய்ச்சுவது. கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் செய்து வைப்பார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்காமல் ஒரு குப்பி வாங்கிவிடுங்கள்.

10. பேரம் பேசுங்கள்

ஒரு லிட்டர் மெஸ்காலுக்குச் சுமார் 10 கிலோ எஸ்பதீன் தண்டு வேண்டும். அதோடு விறகு, கல், குதிரைத் தீவனம், கூலி. போதாக்குறைக்கு ஒவ்வொரு லிட்டருக்கும் பத்து லிட்டர் அளவில் சூடான, புளித்த கழிவுநீர் மிஞ்சும். ஓடையில் விட்டால் மீன் சாகும், விடாமலிருக்கச் செலவாகும். இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர் சொல்லும் விலையைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தி, ரங்கநாதன் தெருவில் பேசுவதுபோல் பாதியிலிருந்து தொடங்குங்கள். சான்றிதழ் எங்கே என்றும் கேளுங்கள். சான்றிதழ் வாங்கச் செலவழிக்க முடியாத பலர் குப்பியில் மெஸ்கால் என்றே எழுத முடியாது. 1994-இல் வந்த புவிசார் உரிமைப்படி ‘அகாவே வடிப்பு’ என்றுதான் எழுதலாம். வாங்கும்போது இதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறையுங்கள். வீட்டுக்கு வந்தபின் இதையே பெருமையாகச் சொல்லி மதிப்பை ஏற்றுங்கள்.

விமான நிலையத்தில் நடிகர் முகம் போட்ட குப்பி இதைவிட இரண்டு மடங்கு விலை இருக்கும். அங்கே பேரம் பேசாதீர்கள், அது நாகரிகமல்ல. ஜார்ஜ் குளூனி நண்பர்களோடு தொடங்கிய டெக்கீலா நிறுவனத்தை 2017-இல் டியாஜியோ 100 கோடி டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கியது. அந்தத் தொகையில் உங்கள் பங்கைச் செலுத்தும் வாய்ப்பை நழுவவிடலாமா?

11. ஊருக்குத் திரும்பி உரையாற்றுங்கள்

இந்தியச் சுங்கம் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் விடும். ஒரு குப்பியைத் திறங்கள், மற்றதைத் திறக்காமல் அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். பேசும்போது உச்சரிப்பு முக்கியம்: ‘ஓக்ஸாகா’ என்று யாராவது படித்தால் கனிவோடு ‘வஹாகா’ என்று திருத்துங்கள்.

வந்திருப்பவர்களில் தமிழ்ப்பற்று மிக்கவர் ஒருவராவது இருப்பார். அவருக்கென்று தனியாக ஒரு செய்தி இருக்கிறது. மணிலாவிலிருந்து மெக்சிகோவுக்கு 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்த பிலிப்பினோ மாலுமிகள், மேற்குக் கரையில் கொலீமாவில் தென்னை வளர்த்துக் கள் இறக்கினார்கள். அதை வடித்துச் சாராயமும் காய்ச்சினார்கள். அகாவேயை வடிக்கும் கலை அவர்களிடமிருந்து பரவியது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். மெக்சிகோவின் மேற்குப் பகுதியில் அந்த ஆசிய வகை வாலை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்பெயின் அரசு 17-ஆம் நூற்றாண்டில் அந்தத் தென்னஞ்சாராயத்தைத் தடை செய்தது, தன் நாட்டு மதுவின் விற்பனை படுத்துவிட்டதால். கள்ளிறக்குபவனைத் தடுத்து, கடைச்சரக்கை விற்கும் யோசனை தங்கள் ஆட்சியாளர்களுக்குத்தான் முதலில் தோன்றியது என்று நினைத்துக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு, 1987 முதல் கள் கிடைக்காத சோகத்தில் இது சிறு ஆறுதல்.

யாராவது “நம்ம ஊர் ஆனைக்கற்றாழையிலயும் எடுக்கலாமே?” என்று கேட்டால் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். சித்தூர் மாவட்டத்தில் தக்காண அகாவேயிலிருந்து ஏற்கெனவே வடிக்கிறார்கள். மெக்சிகோவின் பெயர் உரிமையால் அதை டெக்கீலா என்றோ மெஸ்கால் என்றோ விற்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் பேச்சை உடனே வஹாகாவுக்குத் திருப்புங்கள். சித்தூருக்குப் போய்வந்ததற்கு யாரும் கைதட்டமாட்டார்கள்.

12. எச்சரிக்கையும் பொறுப்புத் துறப்பும்

குடி குடியைக் கெடுக்கும் என்பது குப்பியிலேயே இருக்கும். நாங்கள் சொல்ல வருவது வேறு. இந்த வழிகாட்டியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியும் பலன் கிடைக்காமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. வேன் பழுதாகி பலேங்கேயில் இரவு தங்க நேர்வது. அன்றைக்கென்று அடுப்பைத் திறப்பது. வெந்த தண்டில் ஒரு துண்டு கையில் கிடைத்து, கருப்பட்டி நிறத்தில் இனிக்கும் அதை மென்று நாரைத் துப்பிக்கொண்டே ஏதோ ஒரு கேள்வி கேட்டு, பதில் முடியும் வரை காத்திருப்பது. குடிக்குமுன் பெரியவர் தரையில் சில துளிகள் சிந்துவதைப் பார்த்துவிட்டு, கைப்பேசியை எடுக்காமல் நீங்களும் சிந்துவது. வெட்டிய செடிக்கு ஈடாக இந்த ஆண்டு எத்தனை நட்டீர்கள் என்று விசாரிப்பது.

இதில் ஏதேனும் ஒன்று நிகழ்ந்தால் பின்வரும் அறிகுறிகள் தோன்றும். கேட்ட விலை குறைவு என்று படும். எஸ்பதீனே போதும் என்றிருக்கும். சுவையை விவரிக்கச் சொன்னால் “அது ஊரைப் பொறுத்தது, காய்ச்சியவரைப் பொறுத்தது, அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது” என்று இழுப்பீர்கள். விருந்தில் உங்களைச் சுற்றி யாரும் நிற்கமாட்டார்கள்; பொருளாளர் பழையபடி சிங்கிள் மால்ட்டுக்குத் திரும்பிவிடுவார். இத்தகைய இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல, கட்டணமும் திருப்பித் தரப்படமாட்டாது.

சில மாதம் கழித்து, அடுத்த அடுப்பு மூட்டுகிறோம், ஆள் குறைகிறது, சம்மட்டி பிடிக்க வருகிறீர்களா என்று பலேங்கேயிலிருந்து செய்தி வரக்கூடும். அதை யாரிடமும் காட்டி யாரையும் மட்டம் தட்ட முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.